படலை திறந்தால் ஓடும் பீகிள்

கேள்வி: நாங்கள் விசுவமடுப் பக்கம் இருக்கிறோம். கணவரின் நண்பர் குடும்பத்தோடு கனடா போனபோது, கொழும்பில் அவர்கள் வளர்த்த நாலு வயது ஆண் பீகிள் நாயை எங்களிடம் தந்துவிட்டுப் போனார்கள். பெயர் பிரவுனி. வந்து இரண்டு மாதம். பிள்ளைகளோடு நல்ல வாரப்பாடு, யாரையும் கடித்ததில்லை. ஆனால் படலை கொஞ்சம் திறந்தால் போதும், ஓடிவிடும். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. இரண்டு மணித்தியாலம் கழித்துச் சேறும் உண்ணியுமாக வரும். கணவர் கோபத்தில் பூவரசங் கம்பால் இரண்டு போடுவார். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு ஊளையிடுகிறதாம். நாய் ஊளையிட்டால் அயலில் சாவு விழும் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சண்டைக்கு வருகிறார். போன கிழமை அவருடைய பேட்டுக்கோழி ஒன்றையும் பிடித்துவிட்டது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்கிறார் மாமா. சங்கிலியில் கட்டுவதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா? இன்னொன்று: இரவில் அவனை வீட்டுக்குள் படுக்கவிடலாமா என்று மகள் கேட்கிறாள். மாமிக்கு நாய் உள்ளே வருவது பிடிக்காது.

பதில்:

அன்புள்ள சகோதரி,

கொடுக்க வேண்டாம். சங்கிலியும் வேண்டாம். அடியை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம்.

கணவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அடி ஓடியதற்கான தண்டனை. பிரவுனியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வீட்டுக்கு வந்ததற்குக் கிடைத்த கூலி. ஓடியது இரண்டு மணித்தியாலத்துக்கு முந்திய கதை. நாய் கடைசியாகச் செய்த காரியத்தோடுதான் அடியை முடிச்சுப் போடும், கடைசியாகச் செய்ததோ படலைக்குள் நுழைந்தது. இப்படி நாலு தரம் நடந்தால் ஐந்தாம் தரம் படலைக்கு வெளியே, கை எட்டாத தூரத்தில் நின்று உங்களைப் பார்க்கும். அந்தக் கட்டத்துக்கு வந்த நாய்களையும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். திருத்தலாம், ஆனால் பாடு அதிகம். இனி எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், எவ்வளவு சேற்றோடு வந்தாலும், ஒரு வாய் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து உள்ளே எடுங்கள். கோபத்தைக் காட்டத்தான் வேண்டும் என்றால் படலையைத் திறந்து வைத்தவரிடம் காட்டலாம்.

சரி, ஏன் ஓடுகிறது? பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனம். குதிரையில் போகாமல் நடந்து போகும் வேட்டைக்காரருக்கு உதவியாக, கூட்டம் கூட்டமாக ஓடும். மூக்கை நிலத்தில் வைத்துத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும். எசமான் பின்தங்கிவிட்டால் தான் நிற்கும் இடம் அவருக்குத் தெரியக் குரல் கொடுத்துக்கொண்டே போகும். வால் நுனி வெள்ளையாக இருக்கிறதே, அதுவும் உயர்ந்த புல்லுக்குள் கண்ணில் படட்டும் என்று தெரிந்தெடுத்து வளர்த்ததுதான் என்பார்கள். ஆக, நீங்கள் முறைப்பாடு எழுதிய மூன்று விஷயமும், ஓடுவது, கூப்பிட்டால் பாராதது, குரல் எழுப்புவது, அதன் உத்தியோகம். நம்முடைய ஊர்நாய் ஒழுங்கைக்குப் போனாலும் வளவில் ஒரு கண் வைத்திருக்கும். பீகிளுக்கு அந்த எண்ணம் கிடையாது. மனிதருடைய மூக்கில் மணத்தை உணரும் கலங்கள் 50 லட்சம் அளவில் என்றால் இதற்கு 20 கோடிக்கு மேல் என்று சொல்வார்கள். மூக்கு வேலை செய்யத் தொடங்கினால் காது அடைத்துவிடும். பிரவுனி உங்களை மதிக்காமல் ஓடவில்லை. உங்களுடைய குரல் அதற்குக் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் கொழும்பில் நாலு சுவருக்குள் இருந்த நாய். விசுவமடுவில் விடியற்காலை படலையடியில் என்னென்ன மணம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: இரவு வந்துபோன காட்டுப்பன்றி, கீரி, முயல், உடும்பு, மாடு, ஊர்நாய்களின் மூத்திரம். இத்தனையையும் விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்ப வேண்டும் என்றால் உங்களிடம் அதைவிடப் பெறுமதியான ஏதாவது இருக்க வேண்டும்.

அது சாப்பாடுதான். பீகிளைப்போலச் சாப்பாட்டுக்கு மயங்கும் இனம் வேறு இல்லை என்றே சொல்வேன். அமெரிக்க விமான நிலையங்களில் பயணப் பைகளுக்குள் ஒளித்துக் கொண்டுவரும் பழம், இறைச்சி முதலியவற்றைக் கண்டுபிடிக்க 1984 முதல் பீகிள்களைத்தான் வைத்திருக்கிறார்கள். சரியான பைக்குப் பக்கத்தில் போய் அமைதியாக உட்கார்ந்தால் ஒரு துண்டு தீன். அவ்வளவுதான் சம்பளம். ஆகவே ‘இதற்குப் படிப்பு ஏறாது’ என்ற கதையை நம்ப வேண்டாம். சம்பளம் கொடுத்தால் ஏறும்.

உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த கோழி இறைச்சியைக் கடலை அளவுக்கு நுள்ளி, ஒரு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே கறிச்சட்டியிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுக்கிற வேலை வேண்டாம். பிறகு ஒரு புதுச் சொல் தேவை. ‘பிரவுனி, வா’ என்பது அடியோடு சேர்ந்து பழுதாகிவிட்டது. ‘இந்தா’ என்று வைத்துக்கொள்ளுங்கள், எதையாவது நீட்டும்போது நாம் சொல்கிற சொல்தானே. முதல் நாட்களில் குசினி வாசலில், அவன் காலடியில் நிற்கும்போதே சொல்லுங்கள், சொன்ன கையோடு ஒரு துண்டு கொடுங்கள். பிறகு விறாந்தைக்கும் அறைக்கும் இடையில். பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் நின்று மாறி மாறிக் கூப்பிடலாம், அவர்களுக்கு இது நல்ல விளையாட்டு. வீட்டுக்குள் தலையைச் சடாரென்று திருப்பும் அளவுக்கு வந்த பிறகுதான் வளவு. வளவில் பத்து மீற்றர் நைலோன் கயிறு, கழுத்துப்பட்டியில் இல்லாமல் நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டியில் கொளுவியது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், இந்தச் சின்ன நாய் இழுக்கிற இழுவையில் தோல் உரியும்.

இதில் பலர் விடுகிற பிழை ஒன்று உண்டு. கூப்பிட்டு, தீன் கொடுத்து, அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ‘இந்தா’ கேட்டால் விளையாட்டு முடிந்தது என்று நாய் கணக்குப் பார்த்துவிடும். பத்துத் தரம் கூப்பிட்டால் ஒன்பது தரம் தீனைக் கொடுத்து, ‘சரி, போ’ என்று திரும்ப மோப்பம் பிடிக்க விடுங்கள். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே வேண்டாம், நீங்களே போய்த் தூக்குங்கள்.

இவ்வளவும் சரியாகப் பழகின பிறகு வெளியே கயிறில்லாமல் விடலாமா என்று கேட்பீர்கள். நான் மாட்டேன். வேறு ஊரில் என்றால் வேறு பதில் சொல்லியிருக்கலாம், வன்னியில் மாட்டேன். மிதிவெடி அகற்றி முடியாத துண்டுகள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன, பற்றைகளும் அவற்றை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. சாப்பாட்டுக்குள் பொதித்து வைக்கும் பன்றி வெடி இருக்கிறது. சட்டத்துக்கு மாறானது என்று எல்லோருக்கும் தெரியும், வைப்பவர்களும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதையும் முதலில் வாயில் போட்டுப் பார்க்கிற நாய்க்கு அதைவிட மோசமான பொறி கிடையாது. பயிரைக் காக்கக் களவாக இழுத்த மின்கம்பி, கண்ணி, வயல் வரம்பில் வைத்த எலி மருந்து, கட்டு இல்லாத பழைய கிணறு, எல்லாம் தலையை நிலத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிற பிராணிக்கு ஆபத்து. பாம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் போகும் ரிப்பர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியும் ஒரு நாள் தப்பி ஓடினால், பின்னால் துரத்த வேண்டாம். துரத்தினால் கூட்டமாக வேட்டைக்குப் போகிறோம் என்று இன்னும் உற்சாகமாகும். மண்டையோட்டுப் பலகையோ எச்சரிக்கை நாடாவோ கட்டிய காணிக்குள் போய்விட்டது என்றால் ஒரு அடியும் உள்ளே வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு இதைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். பீகிள் பெரும்பாலும் தான் போன தடத்தையே பிடித்துக்கொண்டு திரும்பி வரும். கடைசியாகக் கண்ட இடத்தில், வீதியோரமாக, கணவர் உடுத்துக் கழற்றிய சாரத்தையும் ஒரு சட்டி தண்ணீரையும் வைத்துவிட்டு, மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கள். கழுத்துப்பட்டியில் தொலைபேசி இலக்கத்தைப் பொறித்த தகடு இருக்கட்டும். ஆண் நாய் என்பதால் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றியும் யோசியுங்கள். பெட்டைநாயைத் தேடி ஓடுவது குறையும், தெருநாய்களிடமிருந்து பிறப்புறுப்புக் கட்டி தொற்றும் வாய்ப்பும் குறையும். முயலின் பின்னால் ஓடுவதை அது குறைக்காது, அந்த எதிர்பார்ப்போடு வராதீர்கள்.

வேலிக்கு வருவோம். உங்களுடையது கதியால் வேலி என்று ஊகிக்கிறேன். பீகிள் வேலியைப் பாய்வதைவிடக் கிண்டுவதில் கெட்டிக்காரன். இரண்டு கதியாலுக்கு நடுவே மூக்கு நுழைந்தால் உடம்பும் நுழையும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியை வேலியின் உட்பக்கமாக அடியுங்கள். அடி ஓரத்தில் ஒரு அடி அகலத்தை வளவுப் பக்கமாக மடித்து நிலத்தில் படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். நாய் வேலி ஓரத்தில்தான் கிண்டத் தொடங்கும், கம்பி நகத்தில் தட்டுப்படும், ஓரடி பின்னால் வந்து கிண்ட வேண்டும் என்ற யோசனை அதற்கு வராது. முழு வளவையும் சுற்றி அடிக்கக் காசு போதாது என்றால் வீட்டுக் கோடியில் நிழலுள்ள ஒரு துண்டை மட்டும் அடையுங்கள். படலைக்கு, தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிடலாம், பழைய காலத்து வேலை, இன்றைக்கும் உதவும்.

ஊளையைப் பற்றி எழுதுமுன் ஒன்று செய்து பாருங்கள். பழைய கைத்தொலைபேசி ஒன்றைப் பதிவில் போட்டு, நாய் படாத உயரத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். நீங்கள் போய் ஐந்து பத்து நிமிடத்திலேயே தொடங்கி, வாயில் நீர் வடிய வடியக் கதவைப் பிறாண்டி, நிற்காமல் அழுதால் அது தனிமைப் பயம். ஒரு மணித்தியாலம் படுத்துக் கிடந்துவிட்டு, மோட்டார் சைக்கிள் போகும்போதும் வேறு நாய் குரைக்கும்போதும் குரல் கொடுத்தால் அது சும்மா பொழுது போகாத சத்தம். இரண்டுக்கும் மருந்து வேறு.

பொழுது போகாததற்கு மூக்குக்கு வேலை கொடுங்கள். காலையில் சட்டியில் சாப்பாடு வைக்காமல், உலர் தீனாக இருந்தால் வைக்கோலிலும் புல்லிலும் தூவிவிடுங்கள். சிரட்டைகள் சிலவற்றை நிலத்தில் கவிழ்த்து, ஒன்றிரண்டுக்கு அடியில் மட்டும் இறைச்சித் துண்டை வைத்துத் தேடச் சொல்லுங்கள். முதல் நாள் எல்லாவற்றையும் முன்னங்காலால் தட்டிப் பிரட்டும். பிறகு பாருங்கள், ஒவ்வொரு சிரட்டையின் விளிம்பிலும் மூக்கை வைத்து இரண்டு முறை மூச்சிழுத்து, வெறும் சிரட்டையைத் தொடாமலே கடந்து, சரியானதில் நின்று வாலை ஆட்டும். கால் மணித்தியாலம் இப்படித் தேடின நாய் ஒரு கட்டை நடந்த நாயைவிடக் களைத்துப் படுக்கும். விளையாட்டு முடிந்ததும் சிரட்டைகளை எடுத்துவிடுங்கள், தனியே விட்டால் கடித்து விழுங்கும். நடை காலை ஏழு மணிக்கு முதலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான். புறங்கையைத் தார் வீதியில் வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது. பொழுதுபட்ட நடைக்கு ரோச் லைற் அவசியம்.

தனிமைப் பயம் என்றால் அது வேறு விஷயம், கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்த நாய் ஏற்கனவே ஒரு குடும்பம் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போனதையும், அவர்கள் திரும்பி வராததையும் பார்த்திருக்கிறது. அதோடு கூட்டமாக வாழவென்று பிறந்த இனம். நீங்கள் கைப்பையை எடுத்து, செருப்பைப் போட்டு, வெளியே போகாமல் இருந்துவிடுங்கள். அடுத்து, கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடத்துக்குள் திரும்புங்கள். அழ முதலே திரும்பி வருவதுதான் சூட்சுமம். நிமிடம் ஐந்தாகி, அரை மணித்தியாலமாக நாட்கணக்கில் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சிக் குலவ வேண்டாம். இந்தப் பயிற்சி நடக்கும் வரை நீங்கள் இல்லாத நேரத்தில் யாராவது ஒருவர் அதோடு இருப்பது நல்லது. மாமி பகலில் வீட்டில் நிற்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. நிற்கிறார் என்றால் நாய் எந்தப் பக்கத்தில் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். அவர் இருக்கும் இடம் அதன் கண்ணில் பட்டாலே பாதிச் சத்தம் அடங்கலாம். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், பயத்தைத் தணிக்க மருந்தும் உண்டு.

ஊளைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று ஆச்சியோடு வாதாடிப் பயனில்லை. முதலில் கோழிக்குக் காசு கொடுங்கள், முட்டையிடும் பேடு என்றால் பேரம் பேசாமல் அவர் சொல்கிற விலையைக் கொடுங்கள். அதோடு ஒரு சரை பிஸ்கற்றையும் கொடுத்து, பகலில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து வேலிக்கு மேலால் ஒன்றைப் போட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். தன் கையால் தின்கிற நாயை யமனுடைய தூதன் என்று சொல்ல ஆச்சிகளுக்கு மனம் வராது, நான் கண்டிருக்கிறேன்.

மாமா சொன்ன வைத்தியம் வேண்டாம். நம்முடைய வெயிலில் செத்த கோழி ஒரு நாளில் புழுக்கும், நாய்க்கு அது வாசனைத் திரவியம். கோழி பிடிப்பதை பீகிளுக்கு முழுதாக மறக்கடிக்க முடியும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. கம்பி அடித்தால் கோழிப் பிரச்சினையும் அதோடு முடியும். தண்டனை கொடுக்க அதற்குள் இடமில்லை.

சங்கிலி பற்றி ஒரு வரி. நாள் முழுக்கக் கட்டிய நாய் கூடுதலாகக் கத்தும், காலப்போக்கில் ஆட்களைக் கடிக்கவும் பழகும். கம்பி அடிக்கும் வரை வேறு வழியில்லை என்றால் இரண்டு மரத்துக்கு இடையில் கொடிக்கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் கயிற்றைக் கொளுவுங்கள். நெஞ்சுப் பட்டியில்தான், நிழலில்தான், வேலியும் கிணறும் எட்டாத தூரத்தில்தான், வீட்டில் ஆள் நிற்கும்போதுதான்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும், கேட்காவிட்டாலும். இந்தச் சாதி நாய் பத்துப் பதினொரு கிலோவில் நிற்க வேண்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் கொழுத்துவிட்டது. பயிற்சிக்குக் கொடுக்கிற இறைச்சியை நேரச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். பசிக்கிறது என்று அது பார்க்கிற பார்வையை நம்பினால் எல்லாம் போயிற்று. மாங்கொட்டை, கோழி எலும்பு எட்டாத இடத்தில் இருக்கட்டும். தொங்கு காது என்பதால் உள்ளே காற்றுப் போகாது, கிழமைக்கு ஒருக்காத் தூக்கி மணந்து பாருங்கள், புளித்த மணமோ கறுப்பு ஊத்தையோ இருந்தால் மருந்து வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். உண்ணிதான் எனக்குப் பெரிய கவலை. வெளியே போய் வந்தால் காது மடிப்பு, விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் தடவிப் பார்த்துப் பிடுங்குங்கள், உண்ணிக்குரிய மருந்தையும் தவறாமல் போடுங்கள். ஒரு நாள் சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பினால், பீகிள் அப்படிச் செய்யாது, பல் முரசு வெளிறியிருக்கிறதா, மூத்திரம் கபில நிறமா என்று பார்த்து அன்றைக்கே கொண்டுபோங்கள். உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தைத் தின்றுவிடும். விசர்நாய்த் தடுப்பூசி வருடாவருடம். கொழும்பில் போட்ட அட்டையை அந்தக் குடும்பத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மகளின் கேள்வி. படுக்க விடுங்கள். வெளியே விட்டால் இரவெல்லாம் பன்றி மணத்துக்குக் குரல் கொடுக்கும், பாம்புப் பயமும் இருக்கிறது. உங்கள் அறை வாசலுக்கு வெளியே, உள் விறாந்தையில், ஒரே இடத்தில் சாக்கு விரித்துக் கொடுங்கள். அதற்கு முதல் பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி இல்லை என்று மாமியின் கண்முன்னாலேயே தடவிக் காட்டுங்கள். சாமி அறைக்கும் குசினிக்கும் குறுக்கே இடுப்பளவு பலகை ஒன்று போடுங்கள். சாமி அறைப் பலகை மாமிக்காக, குசினிப் பலகை சோற்றுப் பானைக்காக.